சிறுவயதுப் பிணைப்பு பெரியவர்களின் உறவில் என்ன செய்கிறது?

"அவனுக்கு அவாய்டன்ட் அட்டாச்மென்ட் (விலகும் பிணைப்பு); அதனால்தான் சண்டை வந்தால் பேச்சையே நிறுத்திவிடுகிறான்" என்று நண்பர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு உளவியலின் கலைச்சொற்கள் இன்று சாதாரணப் பேச்சில் கலந்துவிட்டன. பத்துக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும், நாம் எந்த வகை என்று கைப்பேசியே முத்திரை குத்திக் கொடுத்துவிடுகிறது. தங்கள் காதலோ மணவாழ்க்கையோ கசந்ததற்குத் தாயின் வளர்ப்புதான் காரணம் என்று ஒரு சாரார் அத்தோடு கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். இன்னொரு சாரார், கைக்குழந்தையை ஐந்து நிமிடம் அழவிட்டதற்கே அதன் எதிர்காலம் பாழாகிவிட்டதோ என்று உள்ளூர நடுங்குகிறார்கள். பிணைப்பு பற்றிய ஆய்வுகள் இவ்விரண்டில் எதையும் சொல்லவில்லை.

அவை சொல்வது இவற்றைவிட அடக்கமான செய்தி. இக்கட்டு வரும்போது இன்னொருவரை நாடலாமா, நாடினால் என்ன கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பைக் குழந்தை தன்னை வளர்ப்பவர்களிடமிருந்து கற்றுக்கொள்கிறது. வளர்ந்த பிறகு அந்த எதிர்பார்ப்போடுதான் புதிய உறவுகளுக்குள் நுழைகிறது. அங்கே கிடைக்கும் அனுபவம் அதை உறுதிப்படுத்தலாம், மாற்றியும் விடலாம். எல்லாம் இவ்வளவுதான் என்றாலும், இதன் ஒவ்வொரு படியிலும் ஒரு தவறான புரிதல் ஒளிந்திருப்பதால் நிதானமாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

பிணைப்பு என்பது எது?

பிணைப்பு என்றதும் பாசம் என்று எடுத்துக்கொள்வது இயல்பு. உளவியலில் அதன் பொருள் இன்னும் குறுகியது. பயம், வலி, களைப்பு, நோய் ஆகியவை வரும்போது குறிப்பிட்ட ஒருவரின் அருகே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று குழந்தையை உந்தும் உள்ளார்ந்த ஏற்பாட்டுக்கே பிணைப்பு என்று பெயர். சிரித்து விளையாடும் நேரத்தில் குழந்தை யாரிடமும் போகலாம். விழுந்து முழங்கால் சிராய்த்த கணத்தில் அது யாரைத் தேடுகிறதோ அவரே அதன் பிணைப்புக்குரியவர்.

இந்தக் கோட்பாட்டை வகுத்தவர் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி (1907–1990). பால் கொடுப்பதால்தான் குழந்தை தாயிடம் ஒட்டிக்கொள்கிறது என்பது அவர் காலத்தில் பரவலாக நம்பப்பட்ட கருத்து. உணவு ஒரு பக்கம் இருக்கட்டும், தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒருவரை விட்டு விலகாமல் இருப்பதே ஒரு தனித் தேவை என்றார் பௌல்பி. தானாக ஓடவோ ஒளியவோ முடியாத மனிதக் குழந்தைக்குப் பெரியவரின் அருகாமைதான் உயிர்க்காப்பு என்பதால், பரிணாமம் அந்த நாட்டத்தைப் பிறவியிலேயே பதித்துவைத்திருக்கிறது என்பது அவர் வாதம்.

இதற்கு வலுவூட்டிய சோதனையை அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ செய்தார். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட ரீசஸ் குரங்குக் குட்டிகளின் கூண்டில் இரண்டு பொம்மைத் தாய்கள் வைக்கப்பட்டன. ஒன்று வெறும் கம்பியால் ஆனது. அதில் பால் புட்டி இருந்தது. மற்றது மென்மையான துணி போர்த்தியது. அதில் பால் இல்லை. குட்டிகள் கம்பித் தாயிடம் பாலைக் குடித்துவிட்டுத் துணித் தாயிடம் திரும்பி வந்து நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தன. பயமுறுத்தும் பொருள் எதையாவது காட்டினால் ஓடிவந்து கட்டிக்கொண்டதும் துணித் தாயைத்தான். 1958இல் வெளியான இந்த முடிவுகளை இன்றும் மேற்கோள் காட்டாதவர் இல்லை. அந்தக் குட்டிகள் பட்ட பாட்டை நினைத்தால் இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அப்படியொரு சோதனைக்கு அனுமதி தராது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மனிதக் குழந்தைகளைப் பற்றிய சான்று மருத்துவமனையிலிருந்து வந்தது. அக்காலத்துப் பிரிட்டிஷ் மருத்துவமனைகள், பெற்றோர் வந்து போனால் குழந்தை அழுகிறது என்று சொல்லிப் பார்வை நேரத்தைக் கடுமையாகக் குறைத்துவைத்திருந்தன. பௌல்பியின் சக ஆய்வாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனித்துவிடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் நாட்களை 1952இல் படமாகவே எடுத்துக் காட்டினார். இப்படிப் பிரிக்கப்பட்ட குழந்தைகள் முதலில் அழுது எதிர்ப்பதையும், பிறகு சோர்ந்து ஒடுங்குவதையும், கடைசியில் எதுவும் நடக்காததுபோல் அமைதியாகிவிடுவதையும் இருவரும் பதிவு செய்தார்கள். "குழந்தை பழகிவிட்டது" என்று தாதியர் நிம்மதி அடைந்தது அந்த மூன்றாம் கட்டத்தைப் பார்த்துத்தான். உண்மையில் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்துகொண்டு கேட்பதையே விட்டுவிட்ட குழந்தை அது. இந்த அமைதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது இது திரும்பவும் தேவைப்படும்.

பிணைப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஓடிப்போய் ஒண்டிக்கொள்ள ஓர் இடம் உறுதியாக இருந்தால்தான் குழந்தை அதை விட்டுத் தைரியமாக விலகிப் போகும். அப்படி ஒருவரை நம்பிக் குழந்தை உலகத்தை ஆராயப் புறப்படும்போது அவரைப் பாதுகாப்புத் தளம் என்பார்கள். இடுப்பிலேயே வைத்துச் சுமப்பது பிணைப்பைக் காட்டுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள்; பத்தடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்துவிட்டு மேலும் பத்தடி போகும் குழந்தையும் அதே பிணைப்பைத்தான் காட்டுகிறது.

சுருக்கமாக: பிணைப்பு என்பது ஆபத்தில் ஒருவரை நாடும் ஏற்பாடு. அது உணவால் மட்டும் உண்டாவதில்லை. நாடுவதற்கு ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கையே தனியாகச் செயல்படும் துணிவையும் தருகிறது.

இருட்டில் ஏறும் படிக்கட்டு

பல ஆண்டுகள் குடியிருந்த வீட்டின் மாடிப்படியை மின்சாரம் இல்லாத இரவிலும் தடுமாறாமல் ஏறிவிடலாம். ஒவ்வொரு படியும் எவ்வளவு உயரம் என்று கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் காலுக்குத் தெரியும். வேறு வீட்டுக்குக் குடிபோனால் முதல் சில நாட்களுக்கு அதே கால் பழைய உயரத்துக்கே தூக்கிவைக்கும், இடறும். புதிய வீட்டில் குறை ஒன்றும் இல்லை. காலிலும் பழுது இல்லை. நூற்றுக்கணக்கான முறை ஏறிப் பழகிய கணக்கு அது. புதிய படிகளில் போதுமான முறை ஏறி இறங்கினால் அந்தக் கணக்கும் மாறும்.

குழந்தை உறவுகளைப் பற்றி வைத்துக்கொள்ளும் கணக்கும் இத்தகையதே. அழுதால் யாராவது வருவார்களா, வந்தவர் அணைப்பாரா, எரிந்து விழுவாரா என்பதை அது ஓராண்டுக்குள் பல ஆயிரம் முறை அனுபவிக்கிறது. அவற்றின் சாரமாக, "நான் கேட்டால் கிடைக்கும்", "மற்றவர்கள் நம்பத் தகுந்தவர்கள்" என்பன போன்ற எதிர்பார்ப்புகள், அல்லது அவற்றுக்கு நேர்மாறானவை, சொற்கள் ஏதும் இல்லாமலேயே உருவாகின்றன. இந்த எதிர்பார்ப்புத் தொகுப்பை அக மாதிரி என்று வைத்துக்கொள்வோம். அதில் இரண்டு பாதிகள் இருக்கின்றன: தான் அக்கறைக்கு உரியவர்தானா என்பது ஒன்று, மற்றவர்கள் உதவுவார்களா என்பது மற்றொன்று. பேசத் தெரியாத வயதில் உருவானது என்பதால், பெரியவரான பிறகும் இது ஒரு கருத்தாக நம் முன் வந்து நிற்பதில்லை. "ஏனோ தெரியவில்லை, அப்படித்தான் தோன்றியது" என்ற உணர்வாகவே வருகிறது.

ஓர் அறை, இருபது நிமிடம்

கண்ணுக்குத் தெரியாத இந்த எதிர்பார்ப்பை அளக்க வழி கண்டவர் மேரி எய்ன்ஸ்வொர்த் (1913–1999). 1950களின் நடுவில் உகாண்டாவின் கிராமங்களில் தாய்மார்களையும் குழந்தைகளையும் அவர்கள் வீடுகளிலேயே சென்று கவனித்தவர் அவர். பிறகு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 26 குடும்பங்களைக் குழந்தையின் முதல் ஆண்டு முழுவதும் வீடு தேடிச் சென்று பார்த்தார். புகழ்பெற்ற ஆய்வகச் சோதனை அந்தப் பொறுமையான வீட்டுக் கவனிப்புக்கு ஒரு துணைக்கருவியாகத்தான் பிறந்தது. பிற்காலத்தில் எல்லோரும் சோதனையை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக் கவனிப்பை மறந்துவிட்டது ஒரு குறைதான்.

அந்தச் சோதனையைப் புதுச்சூழல் சோதனை என்று சொல்லலாம். ஒரு வயதைத் தாண்டிய குழந்தை, அது முன்பின் பார்த்திராத ஓர் அறைக்குத் தாயோடு வருகிறது. தரையில் பொம்மைகள் கிடக்கின்றன. சற்று நேரத்தில் அறிமுகமில்லாத பெண் ஒருவர் உள்ளே வந்து அமர்கிறார். பிறகு தாய் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போகிறார். ஓரிரு நிமிடங்களில் திரும்பி வருகிறார். மறுபடியும் போகிறார், இந்த முறை குழந்தை சிறிது நேரம் தனியாகவே இருக்கிறது. மீண்டும் வருகிறார். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ இருபது நிமிடம். குழந்தை மிகவும் கலங்கினால் தனித்திருக்கும் பகுதி உடனே நிறுத்தப்படும்.

தாய் போகும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைத்தான் பார்ப்பார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆய்வாளர்கள் உற்றுக் கவனிப்பது தாய் திரும்பி வரும் நொடியை. சில குழந்தைகள் அழுதுகொண்டே தாயிடம் தவழ்ந்து போகின்றன, கைகளைத் தூக்குகின்றன, தோளில் முகம் புதைக்கின்றன, சிறிது நேரத்தில் தணிந்து, மடியிலிருந்து இறங்கிப் பொம்மைகளிடம் போய்விடுகின்றன. இது பாதுகாப்பான பிணைப்பு. வேறு சில குழந்தைகள், கதவு திறந்து தாய் வரும்போது ஒரு கணம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு பொம்மையைக் கையில் எடுக்கின்றன. இது விலகும் பிணைப்பு. இன்னும் சில, தூக்கச் சொல்லி அழுகின்றன. தூக்கினால் உடம்பை முறுக்கி உதைக்கின்றன. இறக்கிவிட்டால் மறுபடியும் தூக்கச் சொல்லி அழுகின்றன. எதுவும் அவற்றைத் தேற்றுவதில்லை. இது பதற்றப் பிணைப்பு.

இந்த மூன்றிலும் அடங்காத நடத்தைகளை 1980களில் மேரி மெய்னும் ஜூடித் சாலமனும் நான்காவதாக வகைப்படுத்தினார்கள். குழந்தை தாயை நோக்கி வரத் தொடங்கிப் பாதி வழியில் உறைந்து நிற்கும்; அல்லது முகத்தைத் திருப்பியபடியே பின்பக்கமாக நகர்ந்து வரும். நாட வேண்டிய ஆளே அச்சத்துக்கும் காரணமாக இருக்கும்போது குழந்தைக்குப் போக்கிடம் இல்லை. ஓடவும் முடியாது, ஒண்டவும் முடியாது. இதை நிலைகுலைந்த பிணைப்பு என்று குறிப்பிடலாம்.

விலகும் குழந்தையிடம் சற்று நிற்க வேண்டும். பார்ப்பவர்கள் அதைப் "பக்குவமான பிள்ளை" என்று மெச்சுவார்கள். ஆனால் 1970களில் குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து பார்த்த ஆய்வாளர்கள், பிரிவின்போது அந்தக் குழந்தைகளின் துடிப்பும் மற்றவற்றைப் போலவே ஏறுவதைக் கண்டார்கள். உள்ளே கலக்கம் இருக்கிறது, வெளியே காட்டிக்கொள்வதில்லை. மருத்துவமனைக் குழந்தையின் மூன்றாம் கட்ட அமைதியின் சிறிய வடிவம் இது.

எட்டு நாடுகளில் இச்சோதனை நடத்தப்பட்ட ஏறத்தாழ 2,000 குழந்தைகளின் முடிவுகளைத் திரட்டி 1988இல் ஒரு தொகுப்பாய்வு வெளியானது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பாதுகாப்பான பிணைப்பைக் காட்டியிருந்தார்கள். நாட்டுக்கு நாடு இருந்த வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வேறுபாடு அதிகமாக இருந்தது என்பதும் அதில் தெரியவந்தது.

கைப்பேசி வினாடிவினாக்கள் விட்டுவிடும் முக்கியமான உண்மை ஒன்று இங்கே இருக்கிறது. ஒரே குழந்தை தாயோடு ஒரு விதமான பிணைப்பையும் தந்தையோடு வேறு விதமான பிணைப்பையும் காட்டலாம். அப்படியானால் இந்தச் சோதனை குழந்தையின் குணத்தை அளக்கவில்லை. குழந்தைக்கும் குறிப்பிட்ட ஒருவருக்கும் இடையே உள்ள உறவை அளக்கிறது. "நான் இந்த வகை ஆள்" என்று சொல்லத் தொடங்கும்போதே கோட்பாட்டை விட்டு ஓரடி விலகிவிடுகிறோம்.

இதுவரை சொன்னவை: நாடும் குழந்தை, நாடுவதை மறைக்கும் குழந்தை, நாடியும் தணியாத குழந்தை, நாடவும் அஞ்சும் குழந்தை என நான்கு போக்குகள் உண்டு. அவை வெளிப்படுவது கலக்கம் ஏற்பட்ட பிறகு. அதிலும் தெளிவாக, நாடப்படுபவர் திரும்பி வரும்போது.

குறிப்பறிதலும் விட்டுப்போனதைச் சரிசெய்தலும்

எய்ன்ஸ்வொர்த் தம் வீட்டுக் கவனிப்புகளிலிருந்து எடுத்துச் சொன்ன காரணம் குறிப்பறிதல். குழந்தை தரும் குறிப்பைக் கவனிப்பது, அது பசியா தூக்கமா பயமா என்று சரியாகப் புரிந்துகொள்வது, காலம் கடத்தாமல் தகுந்தபடி நடந்துகொள்வது ஆகியவை சேர்ந்ததே இது. எத்தனை மணி நேரம் உடன் இருந்தார், தாய்ப்பாலா புட்டிப்பாலா என்பவையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

குறிப்பறிதலின் தரத்துக்கேற்பக் குழந்தையின் உத்தி மாறுகிறது. அழுதால் பெரும்பாலும் ஆறுதல் கிடைக்கும் என்றால் குழந்தைக்கு நேரடியாகக் கேட்பதே போதும். அழும்போதெல்லாம் தள்ளிவிடப்படும் குழந்தை, கேட்காமல் இருந்தால்தான் அருகிலாவது இருக்க முடியும் என்று கண்டுகொண்டு தன் தேவையின் குரலைத் தணித்துக்கொள்கிறது. சில சமயம் கொஞ்சப்பட்டும் சில சமயம் கண்டுகொள்ளப்படாமலும் இருக்கும் குழந்தைக்கு எப்போது கிடைக்கும் என்று தெரியாது. ஆகவே அது குரலை ஏற்றியே வைத்திருக்கிறது, கிடைத்த பிறகும் இறக்குவதில்லை. இரண்டையும் குறைபாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருக்கிற சூழ்நிலையில் ஒரு வயதுக் குழந்தை கண்டுபிடிக்கக்கூடிய மிகச் சிறந்த தீர்வுகள் அவை.

இதைக் கேட்டதும் பெற்றோருக்கு வரும் பதற்றத்துக்கு எட்வர்ட் ட்ரோனிக்கின் ஆய்வுகள் நல்ல மருந்து. தாய் சில நிமிடங்கள் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று 1970களில் சோதித்தவர் அவர். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, கத்திப் பார்க்கிறது, கடைசியில் தலையைத் திருப்பிக்கொண்டு வாடிப்போகிறது. தாய் மறுபடி சிரித்ததும் உறவு மீள்கிறது. இதைவிட முக்கியமாக அவர் கண்டது வேறொன்று: நன்றாக இருக்கும் தாய்க்கும் குழந்தைக்கும் இடையேகூட இருவரும் ஒத்திசைந்து இருப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம் மட்டுமே. மீதி நேரமெல்லாம் தவறவிடுவதும் திரும்பச் சேர்வதுமாகவே கழிகிறது. விட்டுப்போனது சரியாகும் என்பதைக் குழந்தை கற்றுக்கொள்வது அந்தத் திரும்பச் சேரும் கணங்களில்தான்.

குறிப்பறிதலே முழுக் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. 1997இல் 66 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இதற்கும் பிணைப்புக்கும் தொடர்பு உண்டு, ஆனால் அது மிதமானது என்றுதான் தெரிந்தது. வறுமை, பெற்றோரின் மனச்சோர்வு, இல்லத்தில் நிலவும் வன்முறை ஆகியவை குறிப்பறியும் திறனையே அரித்துவிடக்கூடியவை. மரபணுவின் பங்கு கைக்குழந்தைகளிடம் மிகக் குறைவாகவே தென்பட்டது. பதின்பருவ இரட்டையர்களிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில் அது கணிசமாக இருந்தது.

வளர்ந்தவர்களிடம் இது எப்படித் தெரிகிறது?

காதலர்களுக்கும் தம்பதியருக்கும் இடையிலான உறவும் ஒரு பிணைப்பே என்ற கருத்தை 1987இல் சிண்டி ஹசானும் பிலிப் ஷேவரும் முன்வைத்தார்கள். ஒரு செய்தித்தாளில் கேள்வித்தாளை அச்சிட்டு வாசகர்களிடம் பதில் வாங்கினார்கள். வந்த பதில்களில் பாதிக்குச் சற்று மேல் பாதுகாப்பான போக்கையும், ஏறத்தாழ கால் பங்கு விலகும் போக்கையும், மீதி பதற்றப் போக்கையும் காட்டின. குழந்தைகளிடம் கண்ட விகிதத்துக்கு இது ஓரளவு நெருக்கமாக இருந்தது.

அதன் பிறகு நடந்த கேள்வித்தாள் ஆய்வுகள் பெரும்பாலும் வகைகளைக் கைவிட்டுவிட்டன என்பது பலருக்குத் தெரியாது. இன்று ஆய்வாளர்கள் இரண்டு அளவுகோல்களைப் பயன்படுத்துகிறார்கள். துணை தன்னைக் கைவிட்டுவிடுவாரோ என்ற கவலை எவ்வளவு என்பது ஒன்று; நெருங்குவதிலும் சார்ந்திருப்பதிலும் கூச்சம் எவ்வளவு என்பது மற்றொன்று. ஒவ்வொருவரும் இரண்டிலும் ஏதோவொரு புள்ளியில் இருக்கிறார்கள். உயரத்தை அளப்பதுபோல அளக்க வேண்டிய ஒன்றை, நெட்டை குட்டை என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவதைத்தான் வினாடிவினாக்கள் செய்கின்றன.

ஒருவர் மருத்துவப் பரிசோதனை முடிவை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏதோ சரியில்லை. இன்னொரு பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். "ரிசல்ட் வந்துவிட்டது, பேசணும்" என்று துணைக்குச் செய்தி அனுப்புகிறார். படித்துவிட்டதற்கான குறி விழுகிறது, பதில் வரவில்லை. ஒரு மணி நேரம் ஆகிறது.

இரண்டு அளவுகோல்களிலும் கீழே இருப்பவர், ஏதோ வேலையில் மாட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்து மறுபடி அழைக்கிறார். கிடைத்ததும் "கொஞ்சம் பயமாக இருக்கிறது, சீக்கிரம் வந்தால் நன்றாக இருக்கும்" என்கிறார். கவலை மிகுந்தவர் அதற்குள் ஆறு செய்தி அனுப்பியிருப்பார். பரிசோதனைத் தாள் பைக்குள் போய்விட்டது, "எனக்கு இவ்வளவுதான் மதிப்பா" என்பதே இப்போது கேள்வி. துணை ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாலும் மனம் ஆறுவதில்லை. ஆறுதலுக்கு முன் சண்டை வந்துவிடுகிறது. நெருக்கத்தில் கூச்சம் உள்ளவர் அந்தச் செய்தியையே அனுப்பியிருக்க மாட்டார். இரவில் துணை, "இன்றைக்குத்தானே ரிசல்ட்? என்ன ஆச்சு?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை, இன்னொரு டெஸ்ட் எடுக்கணுமாம்" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்குவார். தூக்கினால் உதைக்கும் குழந்தையையும் பொம்மையைக் கையில் எடுக்கும் குழந்தையையும் இங்கே அடையாளம் காண முடிகிறது.

நாள் நல்லபடியாகப் போயிருந்தால் இந்த மூவருக்கும் இடையே பெரிய வேறுபாட்டை யாரும் கண்டிருக்க மாட்டார்கள். அச்சம் எழும்போதுதான் இந்த ஏற்பாடு விழித்துக்கொள்கிறது. பெரியவர்களிடமும் அது உடலளவில் வேலை செய்கிறது என்பதற்கு 2006இல் வெளியான ஒரு மூளைப் படப்பிடிப்பு ஆய்வு சான்று. லேசான மின்னதிர்ச்சி வரப்போகிறது என்று எச்சரிக்கப்பட்ட பெண்கள், கணவரின் கையைப் பிடித்திருந்தபோது மூளையில் அச்சத்துக்கான எதிர்வினை குறைந்தது. மணவாழ்க்கையில் நிறைவு அதிகமாக இருந்தவர்களிடம் அது இன்னும் குறைந்தது.

ஆகவே: பெரியவர்களின் பிணைப்புப் போக்கு என்பது இரண்டு அளவுகோல்களில் ஒரு நிலை. அது இக்கட்டில் வெளிப்படுகிறது, இயல்பான நாளில் ஒளிந்திருக்கிறது.

முதல் வயதிலிருந்து முப்பது வயது வரை நேர்க்கோடு உண்டா?

மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் கேள்வி இதுதான். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1970களின் நடுவில் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, ஏழ்மையில் இருந்த முதல் பிரசவத் தாய்மார்களின் குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. அவர்களில் ஒரு பகுதியினரின் காதல் உறவுகளை இருபதுகளின் தொடக்கத்தில் ஆராய்ந்தபோது ஒரு சங்கிலி தெரிந்தது. ஒரு வயதில் பாதுகாப்பான பிணைப்பு இருந்தவர்கள் தொடக்கப்பள்ளியில் சக மாணவர்களோடு நன்றாகப் பழகினார்கள். அப்படிப் பழகியவர்களுக்குப் பதினாறு வயதில் நெருக்கமான நண்பர்கள் இருந்தார்கள். அந்த நட்பு இருந்தவர்களின் காதல் உறவில் இணக்கம் கூடுதலாக இருந்தது. முதல் வயது முப்பதாவது வயதை நேரடியாகத் தொடுவதில்லை. ஒவ்வொரு கட்டமும் அடுத்ததை எளிதாக்குகிறது, அவ்வளவே. சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் ஒரு நல்ல நண்பரோ ஒரு கெட்ட அனுபவமோ புகுந்து திசையை மாற்றலாம்.

நிலைத்தன்மையைப் பற்றிய எண்களும் இதையே சொல்கின்றன. ஒரு வயதில் சோதிக்கப்பட்ட 50 பேரை இருபது ஆண்டுகள் கழித்துச் சந்தித்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், பாதுகாப்பானது, பாதுகாப்பற்றது என்ற பிரிவில் 72 விழுக்காட்டினர் அதே இடத்தில் இருந்தார்கள். பெற்றோரின் மரணம், மணமுறிவு, கடும் நோய் போன்றவற்றைச் சந்தித்தவர்களிடம் மாற்றம் கூடுதலாக இருந்தது. ஆனால் வாழ்க்கையே நிலையற்றிருந்த மினசோட்டாக் குழுவில் அத்தகைய தொடர்ச்சி தென்படவில்லை. வாழ்க்கை நிலையாக இருந்தால் எதிர்பார்ப்பும் நிலையாக இருக்கிறது. வாழ்க்கை புரண்டால் அதுவும் புரள்கிறது என்று இதைப் படிப்பதே பொருத்தம்.

மாறும் வழி

எதிர்பார்ப்பு அவ்வளவு எளிதில் ஏன் மாறுவதில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது தனக்கான சான்றைத் தானே தயாரித்துக்கொள்கிறது. கைவிடப்படுவோம் என்று அஞ்சுபவர் துணையை ஓயாமல் சோதிக்கிறார். சோதனையில் களைத்த துணை ஒருநாள் உண்மையாகவே விலகி நிற்கிறார். கேட்டால் கிடைக்காது என்று முடிவு கட்டியவர் கேட்பதே இல்லை. கேட்காததால் கிடைப்பதும் இல்லை. இருவருக்கும் "நான் அப்போதே நினைத்தேன்" என்று சொல்லிக்கொள்ள இடம் கிடைத்துவிடுகிறது.

ஆகவே மாற்றம் இந்த வட்டத்தின் ஏதோ ஓரிடத்தில் வேறு விளைவு கிடைப்பதில் தொடங்குகிறது. விலகும் போக்குள்ளவர் சிறிய உதவி ஒன்றைக் கேட்டுப் பார்ப்பதும், கவலை மிகுந்தவர் ஏழாவது செய்திக்குப் பதிலாக "பதில் வராதபோது எனக்குப் பயம் வந்துவிடுகிறது" என்று ஒரே முறை சொல்லிப் பார்ப்பதும் அத்தகைய முயற்சிகள். எதிரில் இருப்பவர் நம்பகமாக நடந்துகொள்வது இதற்கு இன்றியமையாதது; தனியாக அறையில் அமர்ந்து யோசித்து மட்டும் இதை மாற்றிவிட முடியும் என்று நான் நினைக்கவில்லை. அக மாதிரி உறவுக்குள் உருவானது. பெரும்பாலும் உறவுக்குள்தான் திருந்துகிறது. நிதானமான துணை, நீண்டகால நண்பர், உளவியல் சிகிச்சையாளர் ஆகிய யாரும் அந்த உறவாக இருக்கலாம். சிகிச்சையாளர் வாரம் தவறாமல் அதே நேரத்தில் அதே அக்கறையோடு இருப்பதே சிகிச்சையின் ஒரு பகுதி என்று சொல்வது இதனால்தான்.

கடினமான குழந்தைப் பருவத்தைத் தாண்டியும் பாதுகாப்பான போக்கை அடைந்தவர்கள் இருக்கிறார்கள். ஆய்வாளர்கள் இதை ஈட்டிய பாதுகாப்பு என்கிறார்கள். மேரி மெய்னும் சகாக்களும் 1980களில் வடிவமைத்த ஒரு நேர்காணலில் இது நன்றாகத் தெரியும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒருவரிடம் அவருடைய சிறுவயதைப் பற்றிக் கேட்பார்கள். மதிப்பிடும்போது சிறுவயது இனிமையாக இருந்ததா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. அதை எவ்வளவு ஒத்திசைவோடு சொல்கிறார் என்பதற்குத்தான். "அம்மா தங்கமானவர்" என்று சொல்லிவிட்டு ஒரு நிகழ்ச்சியைக்கூட நினைவுகூர முடியாதவர் ஒரு பக்கம். நாற்பது வயதிலும் பழைய கோபத்தில் சிக்கிப் பேச்சின் நடுவே கேள்வியையே மறந்துவிடுபவர் மறுபக்கம். "அப்பா அடிப்பார், அவர் வளர்ந்த விதம் அப்படி, எனக்கு அது நெடுநாள் வலித்தது" என்று நேராகச் சொல்ல முடிந்தவர் பாதுகாப்பான பிரிவில் இடம்பெறலாம். பெற்றோராகும்போது அவர் குழந்தையின் பிணைப்பும் பாதுகாப்பாக அமையும் வாய்ப்பு அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

இன்னும் சில குழப்பங்கள்

பாதுகாப்பற்ற பிணைப்பு நோய் அன்று. கோடிக்கணக்கானவர்கள் அதோடு வேலை பார்த்து, குடும்பம் நடத்தி, நன்றாகவே வாழ்கிறார்கள். பிணைப்புக் கோளாறு என்று மருத்துவத்தில் குறிப்பிடப்படுவது கடும் புறக்கணிப்புக்கு ஆளான குழந்தைகளிடம் காணப்படும் அரிதான நிலை; அது வேறு.

குழந்தையைச் சேர்த்தணைத்துச் சுமப்பது, உடன் படுக்கவைப்பது, நெடுநாள் தாய்ப்பால் கொடுப்பது ஆகியவற்றை வலியுறுத்தும் "அட்டாச்மென்ட் பேரன்டிங்" என்ற வளர்ப்பு முறைக்கும் இந்தக் கோட்பாட்டுக்கும் பெயரளவில்தான் நெருக்கம். அம்முறையைப் பின்பற்றாத வீடுகளிலும் பாதுகாப்பான பிணைப்பு தாராளமாக உருவாகிறது.

வேலைக்குப் போகும் தாய்மார்களைப் பயமுறுத்த இக்கோட்பாட்டை இழுப்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வின் 1997ஆம் ஆண்டு முடிவுகள், குழந்தைகள் காப்பகத்தில் விடுவது மட்டும் பிணைப்பைக் கெடுப்பதில்லை என்று காட்டின. வீட்டில் குறிப்பறிதலும் குறைவாக இருந்து, காப்பகத்தின் தரமும் மோசமாக இருந்தால்தான் ஆபத்து கூடியது. தாய் ஒருவரால் மட்டுமே பிணைப்பு உண்டாகும் என்பதும் சரியில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைக் கவனித்து 1964இல் வெளியான ஆய்விலேயே, ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் தந்தை, பாட்டி, தாத்தா, உடன்பிறந்தவர் எனப் பலரோடும் பிணைப்புக் கொண்டிருந்தது தெரிந்தது.

உண்மையான ஆபத்து தொடங்குவது, நாடுவதற்கென்று குறிப்பிட்ட ஒருவர்கூட இல்லாத இடத்தில். ருமேனியாவின் ஆதரவற்றோர் இல்லங்களில் முறைமாற்றிப் பணிபுரியும் ஊழியர்களிடம் வளர்ந்த 136 குழந்தைகளை 2000களின் தொடக்கத்திலிருந்து ஓர் ஆய்வுக் குழு பின்தொடர்ந்தது. குலுக்கல் முறையில் பாதிப் பேர் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பாதுகாப்பான பிணைப்பு அந்தக் குடும்பங்களுக்குப் போன குழந்தைகளிடம் தெளிவாகக் கூடியது. இரண்டு வயதுக்கு முன்பே போய்ச் சேர்ந்தவர்களிடம் அது இன்னும் அதிகமாக இருந்தது.